நகம் அளவு காயம்

ஆபரேஷன் முடிந்த அன்று சாயங்காலமே அவள் தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் செய்த குற்றம் அதுதான். ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து கிடத்தியிருந்தால், இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து இறக்கியிருந்தால், குறைந்தபட்சம் வாசலில் ஒரு வாந்தியாவது எடுத்திருந்தால், கதை வேறு மாதிரி போயிருக்கும். அவளோ அக்காவின் வேனிலிருந்து இறங்கி, கதவைச் சாத்தி, அக்காவுக்குக் கையசைத்து அனுப்பிவிட்டு, வீட்டோடு சேர்ந்த சலவைக்கடையின் முன்வாசல் வழியாக ஒழுங்காக உள்ளே வந்தாள். கல்லாவில் உட்கார்ந்திருந்த மாமியார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"என்ன, இன்னிக்கு இல்லைன்னு அனுப்பிட்டாங்களா?"

"முடிஞ்சிடுச்சு அத்தை."

"முடிஞ்சிடுச்சா? எங்க, காட்டு."

அவள் திரும்பி நின்று சட்டையை லேசாக உயர்த்தினாள். இடுப்புக்குச் சற்று மேலே, வலப்பக்க ஓரமாக ஒரு பிளாஸ்திரி. கத்தி பட்டால் விரலில் ஒட்டிக்கொள்வோமே, அதைவிடக் கொஞ்சம் பெரியது. மாமியார் எழுந்து வந்து பார்த்தாள். இடப்பக்கத்தையும் பார்த்தாள். நடுமுதுகையும் விட்டு வைக்கவில்லை.

"இவ்வளவுதானா?" என்றாள். எடை குறைவாக நிறுத்துக் கொடுத்த கடைக்காரனிடம் கேட்கிற குரல் அது.

அந்த வீட்டில் முதுகு ஆபரேஷனுக்கு ஏகபோக உரிமை மாமியாரின் பிள்ளைக்கு, இவள் புருஷனுக்குத்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கும் இதே நோவு. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற வட்டு பிதுங்கிப் போய் நரம்பை அழுத்தியது. வேறொரு மருத்துவமனையில் பழைய முறைப்படி பண்ணினார்கள். முழு மயக்கம் கொடுத்து, நடுமுதுகில் ஒரு சாண் கீறி, தசையை எலும்பிலிருந்து விலக்கி வேலை பார்த்தார்கள். ஆறிய பிறகு, இரண்டு பக்கமும் தையல் புள்ளிகளோடு அச்சு அசல் ரயில் பாதையாக ஒரு தழும்பு நின்றுவிட்டது. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சட்டையைத் தூக்கித் தூக்கிக் காட்டியதில் தெருவில் அவனுக்குத் தண்டவாளம் என்றே பெயர் விழுந்தது. அவன் காதுபட யாரும் கூப்பிடுவதில்லை.

தண்டவாளம் மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கவில்லை. வேளாவேளைக்குச் சூப், காலுக்கு ஒரு தலையணை, தலைமாட்டில் ஒரு மணி. நிஜ மணிதான், கல்லாவில் வாடிக்கையாளர்கள் அடிப்பதற்காக வைத்திருந்ததை மாமியார் எடுத்துப் பிள்ளை கையில் கொடுத்திருந்தாள். மணி அடித்தால் மருமகள் ஓட வேண்டும். அவள்தான் குளிப்பாட்டினாள், அவள்தான் திருப்பிப் படுக்க வைத்தாள், அவன் பங்கு ஈரத்துணியையும் சேர்த்து அவளேதான் தூக்கினாள். அவள் முதுகு கெட்டதே அந்த மூன்று மாதத்தில்தான் என்று நான் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது தண்டவாளம் அவள் பிளாஸ்திரியை ஒரு நிபுணரின் பொறுமையோடு ஆராய்ந்தான். "தையல் எத்தனை?"

"ஒண்ணு."

"ஒண்ணா!" அவன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். "அம்மா, எனக்குப் பண்ணதுதான் ஆபரேஷன். இவளுக்குப் பண்ணது பெரிய சைஸ் ஊசி, அவ்வளவுதான்."

மாமியாரும் சிரித்தாள். மருமகள் சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். சாப்பிட்ட தட்டை அவள் எடுத்து வைக்காமல் போனதை இருவரும் கவனித்தார்கள்.

மருத்துவமனையில் என்ன நடந்தது என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. அதனால் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவளைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். முழு மயக்கம் கிடையாது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, பதற்றம் தணிய லேசாக ஒரு மருந்து. விரல்நகம் அளவுக்கு ஒரு கீறல். அதன் வழியாகப் பென்சில் தடிமனில் ஒரு குழாய், குழாய்க்குள் கேமரா. உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க, திரையைப் பார்த்தபடி டாக்டர் மெல்லிய இடுக்கியால் பிதுங்கிய துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். தசையை அறுக்கவில்லை. நோயாளி விழித்திருப்பது அவசியம். கருவி நரம்பை நெருங்கினால் அது முதலில் தெரிவது நோயாளிக்குத்தான். "கால்ல மின்னல் மாதிரி வெட்டினா உடனே சொல்லுங்கம்மா" என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு தடவை வெட்டியது. இரண்டு தடவையும் அவள் கத்தினாள். டாக்டர் கை அப்படியே நின்றது. அருமையான வித்தை, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாதக்கணக்கில் செத்த மாதிரிக் கிடந்து, ஈரத்தரையில் அவளைத் தடுக்கி விழவைத்த வலதுகால் கட்டைவிரல், அன்று மத்தியானமே மெதுவாகத் தலை நிமிர்ந்தது. அதைப் பார்த்து அவள் அழுதாள். பக்கத்தில் இருந்த அக்காவும் அழுதாள். புருஷன் கடையில் இருந்தான்.

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். டாக்டர் வீட்டுக்கு அனுப்பும் முன் சொன்னதையெல்லாம் அவள்தான் கூட நின்று கேட்டாள்.

"வெளியில இருக்கிற காயம்தான் சின்னது," என்றார் டாக்டர். "உள்ளே வட்டோட உறையில ஒரு ஓட்டை இருக்கு. அது மூட நாளாகும். ஆறு வாரம் குனியக்கூடாது, தூக்கக்கூடாது, இடுப்பைத் திருகக்கூடாது. ஒரு வாளித் தண்ணிகூட வேண்டாம். நடங்க, அது நல்லது. ஆனா மறுபடி பிதுங்கிச்சுன்னா, இந்த விரல் திரும்ப வரும்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது."

ஆனால் தண்டவாளம் படித்தது வேறு. மருத்துவமனை வரவேற்பறையில் ஆளுயர விளம்பரம் ஒன்று இருந்தது. 'காலையில் சிகிச்சை, மாலையில் வீடு!' என்று கொட்டை எழுத்து. கீழே ஒரு பெண், முப்பத்திரண்டு பல்லும் தெரிய, கொழுகொழுவென்று ஒரு குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறாள். முதல் தடவை அவளோடு போனபோதே அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டிவிட்டான். கடைக்குப் பெட்ஷீட் துவைக்கப் போடுகிற லாட்ஜின் மேனேஜரிடமும், "ஒரு நாள்தான் சார், அடுத்த நாள்லேருந்து வழக்கம்போல டெலிவரி" என்று சொல்லி வைத்துவிட்டான்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. யாரும் அவளை வேலை செய் என்று சொல்லவில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டு வழக்கம் வேறு. "சும்மாதானே உக்காந்திருக்கே, இந்தத் தலையணை உறையெல்லாம் மடிச்சுப் போடேன்." "மடிச்சதுதான் மடிச்சே, அப்படியே அலமாரில வெச்சிடு." "கீழ்த்தட்டுல இல்லம்மா, மேல்தட்டுல." கொஞ்சம் என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே ஒரு மனுஷியின் முதுகை ஒடித்துவிட முடியும் என்பதை அந்த வீட்டில்தான் பார்க்க வேண்டும். கொஞ்சம் பிடி. கொஞ்சம் நகர்த்து. கொஞ்சம் குனிஞ்சு பாரு, மெஷினுக்கு அடியில ஒரு சாக்ஸ் போயிடுச்சு.

அவள் மறுத்துப் பார்த்தாள். "டாக்டர் குனியக்கூடாதுன்னு சொன்னாருங்க."

"எனக்கும்தான் சொன்னாங்க," என்றான் தண்டவாளம். "எனக்குச் சொன்னதுல அர்த்தம் இருக்கு. எனக்கு எலும்பு வரைக்கும் திறந்தாங்க. உனக்கு எதைத் திறந்தாங்க?"

விசாரிக்க வந்தவர்களும் சும்மா போகவில்லை. பக்கத்துக் கடை பேக்கரிக்காரி பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள். காயத்தைக் காட்டச் சொன்னாள். பார்த்தாள். வாங்கி வந்தது கொஞ்சம் அதிகப்படி என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. "எங்க அண்ணிக்குப் பல்லு புடுங்கினதே இதைவிடப் பெரிய காயம்" என்று சொல்லிவிட்டு, தண்டவாளத்திடம் அவன் முதுகு எப்படி இருக்கிறது என்று அரைமணி நேரம் அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனாள். அவன் சட்டையைத் தூக்கினான், வேறென்ன.

அவளுக்கு வயிறெரிந்தது. ராத்திரி போர்வைக்குள் கட்டைவிரலைத் தூக்கிப் பார்ப்பாள். எழும்பும். காலையில் கண் திறந்ததும் மறுபடி பார்ப்பாள். எழும்பும். அந்த விரல் ஒன்றுதான் அந்த வீட்டில் அவள் பேச்சைக் கேட்டது.

இரண்டாவது வாரம் தள்ளுவண்டியின் சக்கரம் கழன்றது. சலவைக்கடையில் தள்ளுவண்டி இல்லையென்றால் கை ஒடிந்த மாதிரி. லாட்ஜ் பெட்ஷீட்டுகள் மெஷினிலிருந்து வெளியே வந்தால் ஒவ்வொரு கூடையும் ஈரத்தில் கல்லாகக் கனக்கும். அதை உலர்த்தும் மெஷின் வரைக்கும் தூக்கித்தான் போக வேண்டும். தண்டவாளம் டெலிவரிக்குப் போயிருந்தான். அவள் கவுண்டரில் ரசீது எழுதிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து மாமியாரின் முனகல் கேட்டது. திரும்பினால், கிழவி கூடையின் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, தூக்காமல், தூக்கப்போகிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

"அத்தை, அவரு வரட்டும். விடுங்க."

"அவன் எப்ப வர்றது, லாட்ஜ்காரன் எப்ப விடறது? நீ உக்காரும்மா. நீ நோயாளி. நான் தூக்கறேன். என் இடுப்பு போனா போகுது, என் தலையெழுத்து." மறுபடி ஒரு முனகல். கூடை அசையவே இல்லை.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்றாவது முனகலில் பொறுமை போய்விட்டது. இரக்கத்தால் அல்ல, எரிச்சலால் போய்த் தூக்கினாள். "நகருங்க!" என்று கத்திக்கொண்டே தூக்கினாள்.

பாதி தூரம் போவதற்குள் வெட்டியது. இடுப்பிலிருந்து தொடை, தொடையிலிருந்து கெண்டைக்கால், கெண்டைக்காலிலிருந்து பாதம் என்று ஒரே இழுப்பு. கூடை கவிழ்ந்தது. வெள்ளை பெட்ஷீட்டெல்லாம் தரையில். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி, விரலைத் தூக்கினாள். அது யோசித்தது. ரொம்ப நேரம் யோசித்துவிட்டுப் பாதி எழும்பியது.

மாமியார் தரையைப் பார்த்தாள். "மறுபடியும் துவைக்கணும்," என்றாள்.

அக்கா வேனில் குழந்தைகளை இறக்கிவிட்ட கையோடு வந்து அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தப்பிச்சீங்க," என்றார். "வீக்கம்தான் இருக்கு. இன்னும் பிதுங்கல. ஆனா ஓட்டை மூடல. இன்னொரு தடவை இப்படித் தூக்கினா நிச்சயம் வரும். ஏம்மா, நான் எவ்வளவு சொல்லி அனுப்பினேன்?"

அந்த 'ஏம்மா' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை நாள் வீட்டில் அடக்கி வைத்ததெல்லாம் அந்த அறையில், அந்த மனுஷர் மேல் கொட்டியது. பாவம், அவர் மட்டும்தான் அவளை உட்காரச் சொல்லியிருந்தார்.

"டாக்டர், எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. நடுமுதுகுல ஒரு சாண் கீறி விடுங்க."

"என்னம்மா சொல்றீங்க?"

"தோல் மட்டும் போதும். கீறிட்டுப் பத்துப் பதினஞ்சு தையல் போட்டு விடுங்க. நல்லா அசிங்கமா போடுங்க. பாக்கறவங்க முகத்தைத் திருப்பிக்கணும். அப்பத்தான் எங்க வீட்ல என்னை ஆறு வாரம் படுக்க விடுவாங்க."

அக்கா அவள் தோளைத் தொட்டாள். அவள் தட்டிவிட்டாள்.

"வெளியில ஒரு படம் மாட்டி வெச்சிருக்கீங்களே, குழந்தையைத் தூக்கிட்டுப் பல்லைக் காட்டிட்டு ஒருத்தி நிக்கறாளே, அவ எத்தனாவது நாள் தூக்கினா டாக்டர்? சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்னு எழுதியிருக்கீங்க. போனா வீட்ல என்ன நடக்கும்னு எழுதியிருக்கீங்களா? எங்க வீட்டுக்காரர் அந்தப் படத்தைப் போன்ல வெச்சிருக்காரு. நீங்க என் காதுல சொன்ன ஆறு வாரத்தை யாரு படம் எடுத்து வெச்சிருக்கா?"

டாக்டர் மேசை மேல் இருந்த முதுகெலும்புப் பொம்மையை நகர்த்தி வைத்தார். "பெரிய காயம் இருந்த காலத்துல இந்தப் பிரச்சினை எங்களுக்கு வந்ததில்ல," என்றார் கடைசியில். "காயத்தைச் சின்னதாக்கணும்னு இருபது வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டோம். வீட்ல இருக்கிறவங்க காயத்தைத்தான் பாப்பாங்கன்னு யோசிக்கவே இல்ல. கீறல்லாம் போட முடியாதும்மா. அந்த விளம்பரத்தை மாத்தச் சொல்றேன். வேணும்னா உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் பேசறேன்."

"பேசினா உங்க பேச்சையும் சின்னதாக்கிடுவாரு. அவருக்குக் கண்ணால பாக்கணும்."

அப்போதுதான் டாக்டர் வீடியோவைப் பற்றிச் சொன்னார். கேமரா பார்த்ததெல்லாம் பதிவாகியிருக்கும், மாணவர்களுக்குக் காட்டுவதற்காகக் குரலும் சேர்ந்தே பதிவாகும் என்றார். அவள் கையிலேயே ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்குப் போனதும் அவள் நேராக டிவிக்குப் போனாள். புருஷனும் மாமியாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த சீரியல் போய், திரை முழுக்க வட்டமாக ஒரு செந்நிற உலகம் வந்தது. தண்ணீருக்குள் பஞ்சு மாதிரி ஏதேதோ அலைந்தது.

"என்னடி இது?" என்றான் தண்டவாளம், வாயில் சோற்றோடு.

"என் முதுகு. பாருங்க. உங்க பெரிய சைஸ் ஊசி."

வட்டு தெளிவாகத் தெரிவதற்காக அதில் நீலச் சாயம் ஏற்றியிருந்தார்கள். இடுக்கி உள்ளே வந்தது, நீலமாக ஒன்றைக் கவ்வியது, இழுத்தது. அது வர மறுத்தது. பிறகு நண்டுச் சதை மாதிரி பிய்ந்துகொண்டு நீளமாக வந்தது. பின்னால் இன்னொன்று. இன்னொன்று. அப்புறம் மேலே வெள்ளையாக, மெல்லிய ரத்தக் கோடுகளோடு, துடித்துக்கொண்டு ஒரு கயிறு தெரிந்தது.

"அதுதான் நரம்பு," என்றாள். "அதைத்தான் அழுத்திட்டிருந்தது."

டிவிக்குள்ளிருந்து ஒரு பெண் அலறினாள். மாமியார் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "யாரு இது?"

"நான்தான் அத்தை."

"மயக்க மருந்து கொடுக்கலையா?"

"முழிச்சிட்டுத்தான் இருந்தேன். முழு நேரமும்."

தண்டவாளத்துக்கு வியர்த்துவிட்டது. அவன் ஆபரேஷன் முழுவதையும் தூங்கிக் கழித்தவன். தன் முதுகுக்குள் என்ன நடந்தது என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. தழும்பு மட்டும்தான் தெரியும். "நிறுத்து, நிறுத்து," என்றான். அவள் நிறுத்தவில்லை. கடைசித் துண்டு வெளியே வரும்வரை ஓடவிட்டாள். அன்று அவள் தட்டை மாமியார் கழுவி வைத்தாள். புருஷன் தலையணை எடுத்துக் கொடுத்தான். அடுத்த மூன்று நான்கு நாள் அவளை யாரும் கொஞ்சம் என்று கூப்பிடவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அவள் நினைத்தாள். முட்டாள்தனம்தான், ஆனால் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் உள்ளே படுத்திருந்தாள். ஹாலில் பேச்சுச் சத்தம் கேட்டு எழுந்து வந்தாள். பேக்கரிக்காரி, பேக்கரிக்காரியின் புருஷன், லாட்ஜ் மேனேஜர், எதிர்க்கடைக்காரர்கள் இரண்டு மூன்று பேர் என்று ஹால் நிறைந்திருந்தது. டிவியில் அவள் முதுகு ஓடிக்கொண்டிருந்தது. தண்டவாளம் கையில் ஒரு குச்சியோடு திரைக்குப் பக்கத்தில் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

"இந்த நீலம் இருக்கே, அது சாயம். இது இடுக்கி. இப்பப் பாருங்க, எப்படிப் புடுங்கறாருன்னு. இந்த இடத்துல இவ ஒரு கத்து கத்துவா, கேளுங்க."

திரையில் அவள் கத்தினாள். எல்லோரும் "ஐயோ" என்றார்கள். லாட்ஜ் மேனேஜர் கைதட்டினார்.

"என் பொண்டாட்டி மாதிரி தைரியசாலி யாரும் கிடையாது சார்," என்றான் தண்டவாளம். நிஜமாகவே பெருமையாகச் சொன்னான். முதுகு ஆபரேஷன் தொழிலை அவன் விடவில்லை, சரக்கை மட்டும் மாற்றிக்கொண்டான். கதவருகில் அவள் நிற்பதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வந்துட்டியா! சரியான நேரம். எல்லாரும் நிக்கறாங்க பாரு. கடையில இருக்கிற நாலு நாற்காலியைக் கொஞ்சம் தூக்கிட்டு வா."

அவள் அவனையே பார்த்தாள். ஏதாவது கிண்டல் செய்கிறானா என்று ஒரு கணம் தேடினாள். கிண்டல் இல்லை.

"நீங்க தூக்கிட்டு வாங்க," என்றாள்.

"நானா?" அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "நான் எப்படித் தூக்கறது? எனக்கு முதுகுல ஆபரேஷன் ஆயிருக்குடி."

பேக்கரிக்காரி அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அவனுக்குப் பின்னால், அவன் தோளுக்கு மேல், அவள் நரம்பு திரையில் துடித்துக்கொண்டிருந்தது.

அவள் முன்னே போய் டிவியின் சுவிட்சைத் தட்டினாள்.

"என்னை அறுத்து டிவில போட்டு ஆறு பேருக்குக் காட்டறீங்க. காட்டிட்டே என்னை நாற்காலி தூக்கச் சொல்றீங்க. இன்னும் எதைத்தான் காட்டணும் உங்களுக்கு? மூணு மாசம் நீங்க மணி அடிச்சீங்க, நான் ஓடினேன். அந்த மூணு மாசத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உன் இடுப்பு எப்படி இருக்குன்னு கேட்டீங்களா? எனக்கு வலி வந்தப்போ நடிப்புன்னீங்க. ஆபரேஷன் பண்ணா ஊசின்னீங்க. இப்ப உள்ளே திறந்து பாத்துட்டு சினிமான்னு உக்காந்திருக்கீங்க. என் விரல் போனா அதையும் ஒரு ஷோ போடுவீங்க. டிக்கெட் வெச்சுக்கங்க, நல்லா ஓடும்."

"எல்லார் முன்னாடியும் என்னடி பேச்சு இது?" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி.

"எல்லார் முன்னாடியும்தானே காட்டினீங்க?"

லாட்ஜ் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். அவள் அறைக்குள் போய் அக்காவுக்குப் போன் பண்ணினாள். "வேனைக் கொண்டு வா," என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவும் ஒன்றும் கேட்கவில்லை. மருந்துச் சீட்டையும் போனையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஹால் வழியாக, கடை வழியாக, வாசலுக்கு வந்தாள். மாமியார் பின்னாலேயே ஓடி வந்தாள். கோபித்துக்கொண்டு போகிறவர்களைப் பற்றி அவளுக்கு ஒரு திட்டமான எண்ணம் இருந்தது. அதற்கு இது ஒத்து வரவில்லை.

"எங்கடி போறே? இப்படி வெறுங்கையோட? மாத்துத் துணி வேணாமா? பெட்டி எங்க?"

"பெட்டி கனக்கும் அத்தை. நான் தூக்கக்கூடாது."

தண்டவாளமும் வந்துவிட்டான். கல்லாவில் சாய்ந்துகொண்டு, ஒரு கையை முதுகில் ஊன்றியபடி நின்றான். "சரி, ஏதோ தெரியாம சொல்லிட்டேன். இதுக்குப் போயி... பெட்டியை நான் வேணும்னா கட்டித் தர்றேன்," என்றான். ஆனால் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை.

வேன் வந்து நின்றது. அக்கா உள்ளிருந்தபடியே கதவைத் திறந்துவிட்டாள்.

"எப்ப வருவே?" என்று கேட்டான் அவன்.

"ஆறு வாரம் கழிச்சு வரணுமான்னு யோசிக்கிறேன்," என்றாள் அவள். "அந்த ஆறு வாரம் இன்னிக்குத்தான் ஆரம்பம்."

ஏறி உட்கார்ந்தாள். குனியாமல், திருகாமல், டாக்டர் சொன்ன மாதிரியே ஏறினாள்.